எந்தக் கார்டு செட்டைச் சேர்ப்பது? வாங்கும் முன் ஒப்பிட்டுப் பார்க்கும் வழி

விளையாட்டு வீரர்களின் படம் போட்ட கார்டுகளைச் சேர்க்க இறங்கும் புதியவர்கள் பெரும்பாலும் கேட்பது, "எந்த பாக்ஸ் வாங்கினால் நல்ல கார்டு விழும்?" என்பதைத்தான். பாக்ஸ் என்பது கார்டு பாக்கெட்டுகளை விற்பதற்காகக் கட்டிய பொட்டலம், அவ்வளவே. நீங்கள் சேர்க்கப்போவது செட், அதாவது ஒரு தயாரிப்பாளர் ஒரே பெயரில் வெளியிடும் கார்டுத் தொகுப்பு. அதில் மொத்தம் எத்தனை கார்டு, எவை லேசில் கிடைக்காது, கடைசிக் கார்டு வரை போக எவ்வளவு ஆகும் என்று தெரிந்துவிட்டால், பாக்ஸ் வாங்கலாமா வேண்டாமா என்பது தானாகத் தெளிந்துவிடும். எல்லா செட்டும் முதல் நூறு கார்டு வரை மலிவாகவும் ஜாலியாகவும்தான் இருக்கும். அதனால் இரண்டு செட்டுகளை ஒப்பிடும்போது அவை எப்படி முடிகின்றன என்பதைப் பார்த்து ஒப்பிடச் சொல்வேன்.

செக்லிஸ்ட்டை எடுங்கள்

ஒவ்வொரு செட்டுக்கும் செக்லிஸ்ட் என்ற பட்டியல் உண்டு. கார்டு எண், வீரர் பெயர், அணி எல்லாம் அதில் வரிசையாக இருக்கும். பழைய செட்டுகள் பலவற்றில் செக்லிஸ்ட்டே ஒரு கார்டாக பாக்கெட்டுக்குள் வரும். இப்போது தயாரிப்பாளர்கள் தங்கள் தளத்திலேயே வெளியிடுகிறார்கள். ஒப்பிட நினைக்கும் இரண்டு செட்டுக்கும் இதை எடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

பட்டியலில் பேஸ் என்று இருப்பவை அடிப்படைக் கார்டுகள். இவற்றுக்கு ஒன்றிலிருந்து வரிசையாக எண் ஓடும். இன்செர்ட் என்பது அதே பாக்கெட்டில் இடையிடையே வரும் சிறு தொகுப்பு. அதற்குத் தனிப் பெயர், தனி எண் வரிசை. பேரலல் என்பது பேஸ் கார்டையே வேறு நிறத்திலோ வேறு பளபளப்பிலோ அச்சிட்டது. எத்தனை பிரதி அச்சிட்டார்கள் என்பதைப் பல பேரலல்களில் கார்டிலேயே பொறித்திருப்பார்கள்: 99, 25, சிலவற்றில் வெறும் 1. கையெழுத்துக் கார்டுகளுக்கும் ஜெர்சித் துண்டு பதித்த கார்டுகளுக்கும் சேர்த்து 'ஹிட்' என்று பெயர்.

முதல் செட் என்றால் பேஸை மட்டும் வைத்து ஒப்பிடுங்கள். பேரலல்கள் உட்பட எல்லாவற்றையும் சேர்ப்பதற்கு மாஸ்டர் செட் என்று ஒரு பெயர் இருக்கிறது. ஆனால் ஒரே ஒரு பிரதி அச்சிட்ட பேரலல்களும் இருக்கும் இன்றைய செட்டுகளில் அது பெரும்பாலும் பேச்சோடு சரி.

பேஸிலும் ஒரு சூட்சுமம் உண்டு. வரிசை எண் ஒன்றாகவே ஓடும், ஆனால் சில எண்களை மட்டும் குறைவாக அச்சிட்டிருப்பார்கள். இவற்றை ஷார்ட் பிரின்ட் என்பார்கள். அப்பர் டெக் நிறுவனத்தின் ஐஸ் ஹாக்கி செட் தொடர் தொடராக வரும்; அதில் முதல் தொடர் 250 கார்டு. அதில் 201 முதல் 250 வரை 'யங் கன்ஸ்' எனப்படும் புதுமுக வீரர்கள். நான்கு பாக்கெட்டுக்கு ஒன்று என்ற கணக்கில் வருவார்கள். கானர் மெக்டேவிட்டின் 2015-16 கார்டு அந்த 201-ஆம் எண்தான். டூப்ளிகேட் ஒன்றுகூட வராமல் அதிர்ஷ்டம் முழுவதும் உங்கள் பக்கம் இருந்தாலும், 50 யங் கன்ஸுக்கு 200 பாக்கெட் பிரிக்க வேண்டும். டாப்ஸ் நிறுவனத்தின் ஹெரிட்டேஜ் பேஸ்பால் செட்டும் இப்படித்தான். பல ஆண்டுகள் அது 500 கார்டு செட்டாக வந்தது; அதில் கடைசி 100 ஷார்ட் பிரின்ட். மேலோட்டமாகப் பார்த்தால் 250-ம் 500-ம் வெறும் எண்கள். ஷார்ட் பிரின்ட்டைக் கழித்துவிட்டுப் பார்த்தால்தான் எது எளிது, எது கடினம் என்பது தெரியும்.

பாக்கெட்டின் பின்புறம் 1:4, 1:24 என்று பொடி எழுத்தில் இருப்பதையும் படித்துவிடுங்கள். 1:24 என்றால் சராசரியாக 24 பாக்கெட்டுக்கு அந்த வகைக் கார்டு ஒன்று. நீங்கள் விரும்பும் வீரரே வருவார் என்று பொருளில்லை. அந்த இன்செர்ட்டில் 100 வீரர்கள் இருந்தால், குறிப்பிட்ட ஒருவருக்கான கணக்கு 2,400 பாக்கெட்டுக்கு ஒன்று. விளம்பரத்தில் இந்தப் பெருக்கல் இருக்காது.

எது 'முடிந்த செட்' என்பதை முடிவு செய்யுங்கள்

இதை வாங்கும் முன்பே எழுதி வைத்துவிட வேண்டும். எழுதாவிட்டால் செட் வளர்ந்துகொண்டே போகும்.

பழைய சேகரிப்பாளர்கள் இதில் தெளிவானவர்கள். 1909 முதல் 1911 வரை அமெரிக்காவில் சிகரெட் பெட்டிகளோடு வந்த பேஸ்பால் கார்டுகளை டி206 என்கிறார்கள். வழக்கமான பட்டியலில் 524 கார்டு. அதில் ஹோனஸ் வாக்னர், எடி பிளாங்க் கார்டுகளும் அச்சுப் பிழை கொண்ட இரண்டு கார்டுகளும் சாமானியர் கைக்கு எட்டாதவை. அதனால் அந்த நான்கையும் ஒதுக்கிவிட்டு, 520 சேர்ந்தாலே செட் முடிந்தது என்று கொள்வது நெடுநாள் வழக்கம். யாரும் அதைக் குறையாக நினைப்பதில்லை.

1933-இல் வந்த கௌடி நிறுவனத்தின் பேஸ்பால் செட்டின் கதை இதற்கு நேர் எதிர். பபிள் கம்மோடு கொடுத்த 240 கார்டுகளில் 106-ஆம் எண்ணை நிறுவனம் அந்த ஆண்டு அச்சிடவே இல்லை. பையன்கள் அதைத் தேடித் தேடி பாக்கெட் வாங்கிக்கொண்டே இருந்தார்கள். புகார்க் கடிதங்கள் போன பிறகு, 1934-இல் நெப்போலியன் லாஜோய் என்ற வீரரின் படத்தோடு அந்த எண்ணை அச்சிட்டு, எழுதிக் கேட்டவர்களுக்கு அனுப்பினார்கள். ஷார்ட் பிரின்ட் என்ற வியாபார உத்திக்கு 90 வயது தாண்டிவிட்டது.

உங்கள் வரையறை எளிமையாக இருக்கட்டும். "முதல் தொடரின் பேஸ் மட்டும், ஷார்ட் பிரின்ட் வேண்டாம்" என்பதே போதும். ஒரு அணியின் கார்டுகள் மட்டும், ஒரே வீரரின் எல்லா ஆண்டுக் கார்டுகளும் என்று வைத்துக்கொள்வதும் முழுமையான செட்தான்.

கடைசிப் பத்து கார்டின் கணக்கு

எல்லாக் கார்டும் சம அளவில் அச்சாகி, நன்றாகக் கலந்து வருவதாக வைத்துக்கொள்வோம். 300 கார்டு கொண்ட ஒரு செட்டை பாக்கெட் பிரித்தே முடிக்க எத்தனை கார்டு கைக்கு வர வேண்டும்? சராசரியாகச் சுமார் 1,885.

அதைவிட அந்த 1,885 எப்படிப் பிரிகிறது என்பதுதான் கவனிக்க வேண்டியது. முதல் 150 வெவ்வேறு கார்டுகள் சுமார் 207 கார்டிலேயே கிடைத்துவிடும். 290 வரை வர ஏறத்தாழ 1,006 ஆகும். மிச்சம் இருக்கும் பத்தே பத்து கார்டுக்கு இன்னும் 879. அந்தப் பத்திலும் கடைசி ஒன்றுக்கு மட்டும் 300. ஒரே ஒரு கார்டுதான் பாக்கி என்னும் நிலையில், பிரிக்கிற ஒவ்வொரு கார்டும் அதுவாக இருக்க 300-இல் ஒரு வாய்ப்புதானே? கூட்டிப் பார்த்தால் மொத்தச் செலவில் பாதிக்குக் கொஞ்சம் குறைவு அந்தக் கடைசிப் பத்துக்குப் போய்விடுகிறது.

நிஜத்தில் ஒரே பாக்ஸுக்குள் பேஸ் கார்டு அதிகம் திரும்ப வராமல் அடுக்கியிருப்பார்கள். அதனால் கணக்கு சற்று இறங்கும். ஆனால் இரண்டாவது, மூன்றாவது பாக்ஸ் பிரிக்கும்போது டூப்ளிகேட் குவியத்தான் செய்யும். செட் பெரிதானால் இந்தச் சுமை இன்னும் வேகமாக ஏறும்: 600 கார்டு செட்டுக்கு 1,885-இன் இரு மடங்கு போதாது, சுமார் 4,185 வேண்டும்.

ஆகவே இரண்டு செட்டை ஒப்பிடும்போது, "விட்டுப்போன கார்டுகளை ஒற்றையாக வாங்க முடியுமா?" என்று கேளுங்கள். புகழ்பெற்ற, நிறையப் பேர் சேர்க்கும் செட் என்றால் ஒற்றைக் கார்டுகள் எளிதில் கிடைக்கும். மாற்றிக்கொள்ள ஆளும் கிடைப்பார்கள். அதிகம் பேர் சீண்டாத செட்டில் பாக்ஸ் மலிவாக இருக்கும், ஆனால் கடைசி ஐந்து கார்டு எங்கேயும் அகப்படாது. நடைமுறையில் நல்ல வழி இது: பிரிக்கும் சுகத்துக்காக ஒரு பாக்ஸ், பாதிக்கு மேல் சேர்ந்ததும் டூப்ளிகேட்டை மாற்றுவது, அப்புறம் மிச்சத்தை ஒற்றையாக வாங்குவது. டாப்ஸின் முதன்மை பேஸ்பால் செட் போன்றவை ஃபேக்டரி செட்டாக, அதாவது எல்லா பேஸ் கார்டும் ஒரே பெட்டியில் அடுக்கியபடியே விற்பனைக்கு வருகின்றன. செலவைப் பார்த்தால் அதுதான் புத்திசாலித்தனம். ஆனால் சேர்ப்பதற்கு அதில் ஒன்றும் மிச்சமிருக்காது. அது உங்கள் விருப்பம்.

ரூக்கி கார்டு என்ற குழப்பம்

ஒரு வீரரின் முதல் ஆண்டுக் கார்டுக்கு ரூக்கி கார்டு என்று பெயர். செட்டின் விலையைத் தூக்கி நிறுத்துவது பெரும்பாலும் இவைதான். ஆனால் எது முதல் கார்டு என்பதில் கருத்து வேறுபாடு உண்டு என்பதால், செட்டுகளை ஒப்பிடும்போது இந்தச் சொல்லைக் கொஞ்சம் சந்தேகத்தோடே அணுகுங்கள்.

பேஸ்பால் வீரர் மிக்கி மேன்டிலின் ரூக்கி கார்டு 1951-இல் போமன் என்ற பெயரில் வந்த செட்டின் 253-ஆம் எண். ஆனால் 2022-இல் 1.26 கோடி டாலருக்கு ஏலம் போனது 1952 டாப்ஸ் செட்டின் 311-ஆம் எண். அது அவருடைய இரண்டாம் ஆண்டுக் கார்டு. 1952 டாப்ஸ் செட்டில் 407 கார்டு. 311-லிருந்து தொடங்கும் கடைசித் தொடர் சீசன் முடியும் நேரத்தில் வந்து விற்காமல் தேங்கியது. மிஞ்சியதை 1960-இல் அட்லாண்டிக் கடலில் கொட்டினார்கள். விலையை நிர்ணயித்ததில் அந்தக் கடலுக்கும் பங்குண்டு.

கூடைப்பந்து வீரர் மைக்கேல் ஜோர்டனுக்கு, ஃபிளீர் நிறுவனத்தின் 1986-87 செட்டின் 57-ஆம் எண்ணைத்தான் பலரும் ரூக்கி என்கிறார்கள். 1984-85-லேயே ஸ்டார் என்ற நிறுவனம் அவர் கார்டை வெளியிட்டிருந்தது. அது பாக்கெட்டில் வராமல் அணிவாரியாகப் பையில் போட்டு விற்கப்பட்டதால் கணக்கில் சேராது என்பது ஒரு கட்சி. முதலில் வந்தது முதலில் வந்ததுதானே என்பது இன்னொரு கட்சி.

பேஸ்பாலில் 2006-லிருந்து ரூக்கி கார்டுக்கென்றே ஒரு சின்னம் அச்சிடுகிறார்கள். குழப்பம் ஓரளவு தீர்ந்தது. போமன் செட்டில் பெரிய லீகுக்கு, அதாவது உயர்மட்டப் போட்டிக்கு, இன்னும் வராத இளைஞர்களின் கார்டுகள் முன்னதாகவே வந்துவிடும். அவற்றில் இருக்கும் 'முதல் போமன்' என்ற முத்திரையும் ரூக்கிச் சின்னமும் வேறு வேறு. முத்திரை உள்ள கார்டுகளுக்கு மவுசு இருந்தாலும், அந்த இளைஞர்களில் பலர் பெரிய லீகுக்கு வருவதே இல்லை. ஆட்டத்தில் உங்களுக்கு ஏற்கெனவே பிடித்த வீரர்கள் அதிகம் இருக்கும் செட்டையே தேர்ந்தெடுங்கள் என்பேன்.

உரிமம் யாரிடம்?

இது ஒரு நிமிட வேலை. லீகின் உரிமம் இல்லாத நிறுவனத்தின் கார்டில் அணியின் சின்னமோ பெயரோ இருக்காது. தொப்பியும் சட்டையும் துடைத்துவிட்டாற்போல இருக்கும். பனினி நிறுவனத்தின் பேஸ்பால் கார்டுகள் அப்படித்தான், வீரர்கள் சங்கத்தின் உரிமத்தோடு மட்டும் வந்தவை. ஆண்டுதோறும் ஒரே வரிசையைத் தொடர நினைப்பவர்கள் கைமாற்றத்தையும் பார்க்க வேண்டும். என்பிஏ கூடைப்பந்தின் உரிமம் 2009-10 முதல் பனினியிடம் இருந்தது. 2025-26-லிருந்து டாப்ஸுக்குப் போய்விட்டது. 2012-13-இல் தொடங்கிய பனினியின் பிரிஸம் வரிசையை என்பிஏ சின்னங்களோடு சேர்த்துவந்தவர்களுக்கு அங்கே ஒரு கோடு விழுகிறது.

காகிதமா, குரோமா?

கையில் எடுத்துப் பார்த்தாலே வித்தியாசம் தெரியும். காகித அட்டை மெல்லியது, மூலை சீக்கிரம் மழுங்கும். குரோம் வகை பளபளப்பானது, கெட்டியானது. ஆனால் வளையும், மேற்பரப்பில் கோடு விழும். டாப்ஸ் 1996-லிருந்து தன் முதன்மை செட்டின் படங்களையே குரோமிலும் வெளியிடுகிறது, கார்டு எண்ணிக்கையைக் குறைத்து. படம் ஒன்றே என்பதால் இரண்டையும் சேர்ப்பது ஆரம்பத்தில் வீண். முழு சீசனையும் காட்டும் செட் வேண்டுமென்றால் காகிதம், நட்சத்திரங்கள் மட்டும் போதுமென்றால் குரோம்.

பழைய செட் என்றால் ஓரத்தின் நிறத்தைப் பாருங்கள். 1971 டாப்ஸ் பேஸ்பால், 752 கார்டு, கறுப்பு ஓரம். அட்டையின் விளிம்பு லேசாக உரிந்தாலும் வெள்ளையாகப் பளிச்சென்று தெரியும். அதே ஆண்டுகளின் வெள்ளை ஓர செட்டில் அதே சேதம் கண்ணில் படாது. நல்ல நிலையில் 752 கறுப்பு ஓரக் கார்டுகளைத் திரட்டுவது பொறுமைசாலிகளின் வேலை.

விலையை ஒப்பிடும் முறை

விற்பவர் கேட்கும் விலையைப் பார்க்காதீர்கள். உண்மையில் விற்றுப்போன விலைகளை மட்டும் பாருங்கள். ஏலத் தளங்களில் 'விற்றவை' என்று வடிகட்டும் வசதி இருக்கும். அனுப்பும் கட்டணத்தைச் சேர்த்துக்கொள்ளுங்கள். முந்நூறு கார்டுகளை ஒவ்வொன்றாக வாங்கினால் அந்தக் கட்டணமே கார்டு விலையைத் தாண்டிவிடும், ஆகவே ஒரே விற்பவரிடம் மொத்தமாக எடுங்கள்.

பிறகு செட்டின் விலையிலிருந்து விலை உயர்ந்த இரண்டு மூன்று கார்டுகளைக் கழியுங்கள். 1986-87 ஃபிளீர் 132 கார்டுதான், சிறிய செட். ஆனால் மதிப்பில் பெரும்பங்கு ஜோர்டன் ஒருவருடையது. அவரைக் கழித்தால் மிச்சம் 131-ஐயும் சேர்ப்பது அவ்வளவு பெரிய காரியமில்லை. இந்தக் கழித்தல் இன்னொரு ஆபத்தையும் காட்டிக்கொடுக்கும். செட்டின் மதிப்பு ஒரே கார்டில் இருந்தால் போலியும் அந்தக் கார்டில்தான் இருக்கும். ஃபிளீர் ஜோர்டனுக்குப் போலிகள் ஏராளம். "முழு செட், மலிவு" என்று வந்தால் அந்த ஒரு கார்டின் நெருக்கப் படத்தைக் கேளுங்கள், தயங்கினால் விட்டுவிடுங்கள்.

கிரேடிங் பற்றி ஒரு வார்த்தை. பி.எஸ்.ஏ., எஸ்.ஜி.சி., பெக்கெட் போன்ற நிறுவனங்கள் கார்டின் நிலைக்கு 10 வரை மதிப்பெண் கொடுத்து பிளாஸ்டிக் உறைக்குள் மூடித் தருகின்றன. விலை உயர்ந்த ஒற்றைக் கார்டுக்கு அது பாதுகாப்பு. பேஸ் செட் முழுவதற்கும் வீண்செலவு. மதிப்பெண்ணையும் தெய்வ வாக்காக எடுத்துக்கொள்ள வேண்டாம்: 1991-இல் பி.எஸ்.ஏ. முதன்முதலாக மதிப்பிட்ட கார்டு ஒரு டி206 வாக்னர். அதன் ஓரத்தைத் தான் வெட்டியதாக அதை விற்ற வியாபாரியே 2013-இல் நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டார்.

ஒரு ஒப்பீட்டைச் செய்து பார்ப்போம்

1979-80 ஐஸ் ஹாக்கி செட் இரண்டு. ஒன்று அமெரிக்காவின் டாப்ஸ், 264 கார்டு. மற்றது கனடாவின் ஓ-பீ-சீ, 396 கார்டு. வடிவமைப்பு ஒன்றே, நீல ஓரம் ஒன்றே, வெய்ன் கிரெட்ஸ்கியின் ரூக்கி கார்டு இரண்டிலும் 18-ஆம் எண். ஹாக்கி ஜாம்பவான் கோர்டி ஹோவின் கடைசி சீசனும் அதுதான்.

செக்லிஸ்ட்டைப் பார்த்தால் ஓ-பீ-சீயில் 132 கார்டு கூடுதல். பின்புறம் ஆங்கிலத்தோடு பிரெஞ்சும் இருக்கும். ஓ-பீ-சீ அட்டைகளின் விளிம்பு சொரசொரப்பாகக் கிழிந்தாற்போல இருப்பது வெட்டிய முறையால் வந்தது. அதைச் சேதம் என்று நினைத்து ஒதுக்கக் கூடாது. சொல்லப்போனால் விளிம்பு மிகவும் வழவழப்பாக இருந்தால்தான், யாரோ பின்னால் வெட்டி ஒழுங்காக்கினார்களோ என்று யோசிக்க வேண்டும். நீல ஓரம் என்பதால் நல்ல நிலைக் கார்டு இரண்டிலும் அரிது. சேகரிப்பாளர்கள் அதிகம் மதிப்பதும், கிரெட்ஸ்கிக்கு அதிக விலை போவதும் ஓ-பீ-சீதான்.

இப்போது கிரெட்ஸ்கியைக் கழியுங்கள். டாப்ஸில் பாக்கி 263, ஓ-பீ-சீயில் 395. பழைய செட் ஒன்றை முடித்துப் பார்க்க வேண்டும் என்பவருக்கு நான் டாப்ஸையே சொல்வேன். கிரெட்ஸ்கி மட்டும்தான் குறி என்பவர் செட்டை விட்டுவிட்டு அந்த ஒரு கார்டுக்குப் பணம் சேர்க்கலாம். ஓ-பீ-சீ முழு செட், ஹாக்கி வரலாற்றில் ஏற்கெனவே ஊறியவர்களுக்கு.

இத்தனை பணம் போடத் தயாரில்லை என்றால் 1980-களின் இறுதிக்கும் 1990-களின் தொடக்கத்துக்கும் போங்கள். அப்போது தேவைக்கு மேல் அச்சிட்டுத் தள்ளினார்கள், ஆகவே அந்த ஆண்டுகளின் செட்டுகள் இன்றும் மலிவு. 1989 அப்பர் டெக் பேஸ்பால் நல்ல தொடக்கம்: 800 கார்டு, முதல் எண்ணே கென் கிரிஃபி ஜூனியரின் ரூக்கி. முதலீடாக நினைக்காதீர்கள், பழகிக்கொள்ள இதைவிட நல்ல செட் சுலபத்தில் கிடைக்காது.

வாங்கிய பிறகு

1957-லிருந்து டாப்ஸ் கார்டின் அளவு இரண்டரைக்கு மூன்றரை அங்குலம். அதுவே பொது அளவாகிவிட்டது. ஒன்பது பை கொண்ட பிளாஸ்டிக் தாள் அதற்கானது. 1952 முதல் 1956 வரையிலான டாப்ஸ் கார்டுகள் கொஞ்சம் பெரியவை, அவற்றுக்கு எட்டுப் பை தாள். பி.வி.சி. கலக்காத தாளாகப் பார்த்து வாங்குங்கள், பி.வி.சி. நாளடைவில் கார்டைக் கெடுக்கும். ஜெர்சித் துண்டு பதித்த தடித்த கார்டுகளைத் தாளில் திணிக்காமல் தனி உறையில் வையுங்கள்.

தாளில் கார்டுகளை எண் வரிசையில் செருகி, இல்லாத எண்ணின் பையைக் காலியாகவே விடுங்கள். காலி எண்களை ஒரு பட்டியலாக எழுதி, பக்கத்தில் அந்தக் கார்டு கடைசியாக விற்ற விலையையும் குறித்துக்கொள்ளுங்கள். பட்டியல் இருபதுக்குக் கீழே இறங்கிய அன்று பாக்கெட் வாங்குவதை நிறுத்திவிட்டு, அந்த எண்களை மட்டும் தேடி வாங்கத் தொடங்கலாம்.